லோய்மிங் நாளில் தீர்ந்துபோன புளிமாவு

முதலில் ஒன்று: வீட்டு மாவுத் தொட்டியை மட்டும் கழுவிவிடாதீர்கள், வில்லு, கும்பிட்டுக் கேட்கிறேன்! உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? கர்த்தர் கிருபையால் நான் நலம். நான் வேலைக்கு வந்த இந்தத் தார்த்து நகரப் பள்ளிச் சமையலறையும் கதகதப்பாகத்தான் இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை. ஒரே பொருளை வைத்து எல்லாப் பாடங்களையும் கோத்து நடத்துவதை இங்கே லோய்மிங் என்கிறார்கள். இந்த முறை கறுப்பு ரொட்டி. உங்கள் அம்மா மருமகளென்று என்னிடம் ரொட்டிக்கு உறையாக ஒப்படைத்த புளிமாவை மூன்று வகுப்புக்கும் பங்குபோட்டுக் கொண்டுபோனார்கள். சாயங்காலம், அடுத்த தடவைக்கு எடுத்துவைத்த பிடி மாவைக் கேட்டேன்.

"கணக்கு டீச்சர் வச்சிருப்பாங்க, ஆல்மா அக்கா," என்றார் வேதியியல் வாத்தியார் தார்மோ.

"நான் எதுக்கு வைக்கப்போறேன்? சமையல் வகுப்புல கேளுங்க," என்றார் கணக்கு டீச்சர்.

"அய்யய்யோ, முழுசும் சுட்டாச்சே! ருசி பாருங்க, பிரமாதம்!" என்றாள் சமையல் டீச்சர் மெரிக்கே.

"எல்லாத்தையும் கோத்தீங்களே, ஒரு பிடி எடுத்து வைக்கணும்னு ஒருத்தருக்கும் தோணலையா?" என்று கேட்டேன்.

சுடும் முன் நாம் ரொட்டியில் கீறும் சிலுவைக்குறிகூட அதில் இல்லை.

அறுபது வருஷம் உயிரோடு வந்த மாவு என் கையிலா முடிய வேண்டும்? தொட்டியில் காய்ந்து ஒட்டியிருப்பதைச் சுரண்டித் தாளில் மடித்து அனுப்புங்கள். கூடவே என் கம்பளிக் காலுறையும், உங்கள் கையால் நாலு வரியும். தபால்காரர் வந்துவிட்டார்.

உங்கள் ஆல்மா

ஐயோ, இப்போதுதான் ஞாபகம் வருகிறது: புறப்பட்ட அன்று தொட்டியில் கொதிநீர் ஊற்றித் தேய்த்ததே நான்தான். இனி அது உயிரோடு இருந்தால் ஒரே இடத்தில்தான்: ஈஸ்டருக்கு நம் மாவில் ஒரு கிண்ணம், உங்களுக்குத் தெரியாமல், பக்கத்து வீட்டு ஹெல்கிக்குக் கொடுத்தேன். வேலிச் சண்டைக்குப் பிறகு நீங்கள் பேசாத அதே ஹெல்கிக்கு.