நிருவின் பள்ளிக்குப் பதினைந்து நிமிடம்

செப்டம்பர் 8, திங்கள்

பொம்மசந்திராவில் கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் இன்னும் பத்து நாள்தான் தங்க விடுவார்கள். அதற்குள் ஆறு மாதத்துக்கு ஒரு வீடு பிடிக்க வேண்டும். ஆபீஸில் சஞ்சய் மேப்பை விரித்துவைத்துக்கொண்டு சொன்னான்: "எலக்ட்ரானிக் சிட்டி எடுங்க மேடம். மெட்ரோல நாலு ஸ்டாப்தான். பெர்த்ல இருந்து வந்திருக்கீங்க, நம்ம டிராஃபிக் தாங்க மாட்டீங்க."

அவன் தூரத்தைப் பொம்மசந்திராவில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையிலிருந்து அளக்கிறான். நான் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூட கேட்டிலிருந்து அளக்கிறேன். என் மகள் நிருபமா அங்கே எட்டாவது படிக்கிறாள். அதை அவனிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 11

நிருவின் அப்பா சித்தார்த்துக்கு போன் செய்தேன். நாங்கள் பிரிந்து ஏழு வருடம் ஆகிறது. "ரிச்சர்ட்ஸ் டவுன்லயே வீடு வேணாம் பிரிசில்லா. தினம் தெருவுல பாத்துக்கிட்டா பிரபாவுக்கு ஒரு மாதிரி இருக்கும்." பிரபா அவன் மனைவி. நிருவுக்கு தினமும் தலை பின்னி அனுப்புகிறவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிருவை அனுப்புகிறானாம்.

சரி என்றேன்.

செப்டம்பர் 13, சனி

மர்பி டவுனில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் பெர்னதெத் ஆன்ட்டி. பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஆஸ்திரேலியான்னு போட்டிருக்கு. பேச்சு கோல்ட் ஃபீல்ட் பேச்சால்ல இருக்கு?"

"சாம்பியன் ரீஃப் ஆன்ட்டி. அப்பா அங்கதான் தங்கச் சுரங்கத்துல இருந்தாரு."

"அப்போ வெளிநாட்டுக்காரங்களுக்கான இந்தப் போலீஸ் ஃபாரம்லாம் உனக்கு எதுக்கும்மா?" என்று சொல்லிக்கொண்டே நிரப்பச் சொன்னார். 

அல்சூர் மெட்ரோவுக்கு நடந்துவிடலாம். ஆபீஸுக்கு இரண்டு இடத்தில் ரயில் மாற வேண்டும், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். நிருவின் பள்ளிக்கு ஆட்டோவில் பதினைந்து நிமிடம். 

முன்பணம் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வந்தாள். என் தோளைத் தாண்டி வளர்ந்திருக்கிறாள். செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டாள், விருந்தாளி மாதிரி. சேமியா பாயசம் செய்திருந்தேன். முந்திரியைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். முந்திரி பிடிக்காது என்பது எனக்குத் தெரியாது.

நடுவில் பிரபா போன் செய்தாள். "நீ சாப்டியாம்மா?" என்று நிரு கேட்டாள். என்னிடம் திரும்பி, "மம்மி, நீங்க தண்ணி குடுங்களேன்."

அவளுக்கு நீ. எனக்கு நீங்க.

அக்டோபர் 19

இன்று வரவில்லை. பரீட்சையாம்.

நவம்பர் 19, புதன்

எழுதிவிட்டால் தேவலை.

இன்று ஆபீஸ் போகவில்லை, வீட்டிலிருந்தே வேலை. ஆறு மணிக்கு சித்தார்த் கூப்பிட்டான். காலை பதினொரு மணிக்கு நிரு பள்ளிப் படிக்கட்டில் விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டதாம். அவன் ஹூப்ளியில் இருந்தான். பிரபா வைட்ஃபீல்டில் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வர ஒன்றரை மணி நேரம். அதுவரை பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் இங்கேதான் இருந்தேன். பதினைந்து நிமிடத்தில். காபி போட்டுக்கொண்டு. எதுக்குடீ இந்த வீட்ட எடுத்த?

அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். பிரபாவின் மடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், கையில் மாவுக்கட்டு. பிரபாவுக்குக் கண் கலங்கியிருந்தது. "அக்கா, உங்க ஞாபகமே வரல. தப்பா நினைச்சுக்காதீங்க. பக்கத்துலதான இருக்கீங்கன்னு இப்பதான் தோணுது."

அவள் பொய் சொல்லி மழுப்பியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் நல்லவள். அதுவும்தான் வலிக்கிறது.

நவம்பர் 20

இந்த ஆறு மாத வேலையை நான் கேட்டு வாங்கியதே நிருவைக் கூட்டிப்போகத்தான். ஒன்பதாவதிலிருந்து பெர்த்தில் படிக்கட்டும் என்று. இதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. இனி எந்த முகத்தோடு கேட்பது?

ஜனவரி 11, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

அல்சூர் ஏரிப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். என்னோடு பெர்த்துக்கு வந்துவிடுகிறாயா என்று கேட்டேன். "எனக்கு அஞ்சு வயசுல நீங்க பெர்த் போறப்போ, மூணு மாசத்துல வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்கல்ல," என்றாள். "டெய்லி ஒரு தேதியா கேலண்டர்ல அடிச்சிட்டே இருந்தேன். அப்பா அப்புறம் கேலண்டரையே எடுத்துட்டாரு."

விசா வரவில்லை, கான்ட்ராக்ட் நீட்டினார்கள், சித்தார்த்தோடு சண்டை — எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். மூன்று மாதம் எட்டு வருடமானதற்கு அந்தக் குழந்தையிடம் என்ன காரணம் சொல்ல முடியும்?

"நான் வரல மம்மி. கோவமா இல்ல. நெஜமா இல்ல."

கையைப் பிடிக்கலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவள் ஏற வேண்டிய பஸ் வந்துவிட்டது.

பிப்ரவரி 8

பெர்த்துக்குத் திரும்பப் பெட்டியை வெளியே எடுத்து வைத்தேன். மறுபடி உள்ளே போட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கடைசி ஞாயிறு. வெள்ளிக்கிழமை விமானம் என்று சொன்னேன்.

சாப்பிடும்போது கேட்டாள்: "அங்க எனக்குன்னு ரூம் வெச்சிருக்கீங்களாமே. அப்பா சொன்னாரு."

"வெச்சிருக்கேன்."

"யாரும் இருக்கறதில்லையா?"

"இல்ல."

"யாருக்காவது வாடகைக்கு விட்டுடுங்க மம்மி. நீங்க தனியா இருக்கீங்கன்னு நினைச்சா எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மார்ச் 4, புதன். பெர்த்

நிருவுக்கென வைத்திருந்த அறையைத் திறந்து கட்டிலின் விரிப்பை மாற்றினேன். அலமாரியில் ஐந்து வயதுக்கு வாங்கிய இரண்டு கவுன், விலைச்சீட்டோடு. எடுத்துக் கட்டி வைத்தேன்.

நான் போட்ட வாடகை விளம்பரம் பார்த்து மாலையில் ஒரு பெண் பேசினாள். வேலூர்ப் பெண், பெயர் அம்புஜம். ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் புதிதாக வந்திருக்கிறாளாம், ஆறு மாதத்துக்கு மட்டும் அறை வேண்டுமாம். முதலில் கேட்டது, "அக்கா, அங்கேர்ந்து பஸ் ஸ்டாப் எவ்ளோ தூரம்?"

நாலு நிமிஷம் என்றேன். சனிக்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.