துடைக்காத நாலு கண்ணாடி

மருமகளுக்கு,

உன் அத்தை எழுதுகிறேன். என் எழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கிழி. ஐந்தாவது வரைக்கும் படித்தவள், கோணல்மாணலாகத்தான் இருக்கும். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. எடு என்று சொல்ல எனக்கும் வாய் இல்லை.

முந்தாநாள் என் பிள்ளை வேலை பார்த்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். அவன் தங்கியிருந்தது ஆறு பேர் படுக்கிற அறை. மூலையில் அவன் பெட்டி. நீ எடுத்துக் கொடுத்த நீலச் சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அடியில் பேப்பரில் சுற்றி மூன்று இறகு, மேலே பேத்தி சின்னவள் பெயரை எழுதி வைத்திருக்கிறான். கோழிக்கே ஒதுங்கிப் போகிறவன், இவனுக்கு எதற்கு இறகு என்று நினைத்தேன்.

கம்பெனியில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். அவனாகவே உயிர்க்கயிற்றை மாட்டாமல் இறங்கினான் என்று எழுதியிருக்கிறது. வெளியே தொங்கிக் கண்ணாடி துடைக்கிற இந்த வேலைக்கு இரண்டு கயிறாம். ஒன்றில் உட்காருகிற பலகை தொங்கும். அது அறுந்தாலும் ஆளைப் பிடித்துக்கொள்ள இடுப்பில் இன்னொன்று. அன்றைக்குக் காலையில் பெண்டாட்டியோடு போனில் சண்டையாம், மனசு வெறுத்துத்தான் ஏறினான் என்று சூப்பர்வைசர் சொன்னார். நானும் அன்றைக்கு அதைத்தானே நம்பினேன். நம்பித்தானே அவனைக் கிடத்தியிருந்த இடத்தில், அத்தனை பேர் பார்க்க, உன்னை அந்த வார்த்தை சொன்னேன்.

அவனோடு ஜோடியாக வேலை செய்தவன் என்னை அந்தக் கட்டடத்துக்குக் கூட்டிப் போனான். ரோட்டில் நிறுத்தி, அண்ணாந்து பாருங்கம்மா என்றான். கட்டடம் முழுக்கப் பளபளவென்று இருக்கிறது. இருபத்திரண்டாவது மாடியில் நாலு கண்ணாடி மட்டும் புரை விழுந்த கண் மாதிரி அழுக்காக இருந்தது. உங்க பையன் துடைக்காம விட்டதுதான் என்றான். என் பிள்ளை வேலைக்குச் சோம்புகிறவன் இல்லையே என்று எனக்குச் சுருக்கென்றது.

மேலே போய் உள்ளேயிருந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விளிம்பில் ஒரு பருந்துக் கூடு. குச்சி, கம்பித் துண்டு, கிழிந்த சாக்கு. நடுவில் காக்கா அளவுக்கு ஒரே ஒரு குஞ்சு. தாய்ப்பருந்து எலியைக் கிழித்து ஊட்டிக்கொண்டிருந்தது. இத்தனை சிமெண்டுக்கும் புகைக்கும் நடுவில் இது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

ஜோடிக்காரன்தான் எல்லாம் சொன்னான். கூட்டைத் தட்டிவிடு என்று சூப்பர்வைசர் முன்னமே சொல்லிவிட்டாராம். பத்து நாளில் பறந்துரும், அதுவரைக்கும் விடுங்க என்று இவன் கெஞ்சியிருக்கிறான். அன்றைக்கு, உன்னால் முடியாவிட்டால் வேறு ஆள் இறங்குவான் என்றதும், நானே போறேன் என்று ஏறியிருக்கிறான். உயிர்க்கயிறு மாட்டுகிற கொக்கி மட்டும் மொட்டைமாடியில் கூட்டுக்கு நேர் மேலே. கயிற்றை விட்டால் கூட்டை வாரிக்கொண்டு போய்விடும். அதனால் அதை மேலேயே வைத்துவிட்டு, கூட்டைச் சுத்தித் துடைச்சுட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துர்றேன் என்று இறங்கினானாம். தாய்ப்பருந்து முகத்தில் பாய்ந்திருக்கிறது. இவன் விலகி ஆடியதில் பலகைக் கயிறு சுவர் விளிம்பில் அறுபட்டிருக்கிறது. அதற்குமேல் எழுத முடியவில்லை.

லீவு போட்டு வா என்று நீ கேட்டாய். பத்து நாள் ஆகும் என்றான். எவளையாவது சேர்த்துக்கிட்டியா என்று கேட்டு நீ போனை வைத்தாய். அழுதுகொண்டே நீதான் என்னிடம் சொன்னாய். அதையே எடுத்து உன்மேல் எறிந்தேன். பருந்துக்குக் காவல் இருக்கிறேன் என்று எந்த ஆம்பளை பெண்டாட்டியிடம் சொல்லுவான்? என் வீட்டுக்காரிக்குச் சந்தேகம் வந்துருச்சுடா, அவளைக் கூட்டிட்டு வந்து இந்தச் சக்களத்தியைக் காட்டணும் என்று ஜோடிக்காரனிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டேதான் ஏறினானாம். மனசு வெறுத்தவன் அப்படிச் சிரிப்பானா?

இதைத் தாளில் எழுதிக் கொடுப்பா என்றேன். எனக்கும் ரெண்டு பிள்ளை இருக்கும்மா என்று தலையைக் குனிந்துகொண்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. நான் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன்.

அந்தக் குஞ்சைப் பார்த்ததும் பாசம் வந்தது என்று பொய் எழுத மாட்டேன். கையில் கல் இருந்தால் எறிந்திருப்பேன். பத்து நாள் என்றான். அவன் போயே பதினெட்டு நாள் ஆகிறது. விளிம்பு வரைக்கும் வருகிறது, எட்டிப் பார்க்கிறது, திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. திங்கட்கிழமை வேறு ஆளை இறக்கப் போகிறார்களாம். அதற்குள் பறந்து தொலையட்டும் என்று நேற்றும் இன்றும் ரோட்டில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

நீ சாப்பிடுவதே இல்லை என்று உன் தம்பி சொன்னான். சின்னவளுக்காகவாவது ஒரு பிடி சாப்பிடு. நல்லா இரு தாயி.

வியாழக்கிழமை அவன் பெட்டியோடு உன் அம்மா வீட்டுக்கு வருகிறேன். இறகை நீயே அவள் கையில் கொடு. என்னை உள்ளே கூப்பிட வேண்டாம், வாசலிலேயே நிற்கிறேன். ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் உன் கையால் கொண்டுவந்து கொடு.

உன் அத்தை