எண்பத்தைந்தை அழித்தது நான்தான்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் அந்தக் குளிரில் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, கைப்பிடியைப் பிடிக்காமல் படி இறங்குகிறார், அதைப் பார்க்க ஆளில்லை என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். எனக்குத்தான் மனசு சரியில்லை. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

போன லீவில் நீ வந்தபோது நெட் வருகிற ரவுட்டர் பெட்டியில் இருந்த பழைய மென்பொருளை அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றினாய் அல்லவா. ஏற்றிவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாய், லைனில் நெட் வேகம் நூறு வருகிறது, ஆனால் எண்பத்தைந்துக்கு மேல் விடாதபடி வரம்பு போட்டிருக்கிறேன், நாம் அனுப்புகிற பக்கம் இருபதில் பதினேழு, முழுக்கத் திறந்துவிட்டால் யாராவது பெரிய ஃபைல் அனுப்பும்போது மற்றவர் பேச்சு பின்னால் வரிசையில் மாட்டிக்கொள்ளும், கொஞ்சம் இடம் விட்டால்தான் பெட்டி வரிசையை ஒழுங்கு பண்ணும், இதை மட்டும் தொடாதேம்மா என்று. நானும் பெரிதாகத் தலையாட்டினேன். அப்புறம் ஒருநாள் உன் அத்தை அவள் வீட்டில் நெட் வேகம் தொண்ணூற்றாறு காட்டுகிறது என்று படம் எடுத்து அனுப்பினாள். நம் வீட்டில் பார்த்தால் எண்பத்து நாலு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பழுது பார்க்கும் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்தவள் வீட்டில் எண்பத்து நாலா என்று எனக்குள் ஏதோ கிளம்பிவிட்டது. நீ தொடாதே என்ற செட்டிங் பக்கத்தைத் திறந்து வரம்பை எடுத்துவிட்டேன். தொண்ணூற்றேழு காட்டியது. உடனே அத்தைக்குப் படம் அனுப்பினேன், கூடவே, பிள்ளை ஏதோ பண்ணி வைத்திருந்தான், நான்தான் சரிசெய்தேன் என்றும் எழுதினேன். இதுவே எனக்கு முதல் வெட்கம், இதற்குமேல் இருக்கிறது, படி.

இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை, அதில் எனக்குத் திமிர் இன்னும் ஏறியது. பிறகுதான் உன் பேச்சு துண்டு துண்டாக வர ஆரம்பித்தது. நீ வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவாய், அப்பா திரையைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் லீவு நாளில் இரண்டு மணி நேரம் எங்களுக்காக உட்கார்ந்தாய். பெட்டியை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொன்னாய், வைஃபை சேனலை மாற்றச் சொன்னாய், வயரைக் கழற்றி மாட்டச் சொன்னாய். கடைசியில் “வரம்பு நான் போட்ட மாதிரியே இருக்காம்மா, அந்தப் பக்கத்தத் தொறந்து பாரு” என்றாய். நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. “எண்பத்தஞ்சேதான்டா இருக்கு, எனக்குப் படிக்கத் தெரியாதா” என்றேன். மருமகள் பின்னால் நின்று சாப்பிடக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. உன்னிடம் நான் பொய் சொன்னேன், மகனே.

பொய் சொன்னவள் சும்மா இருக்க மாட்டாள் இல்லையா, பழிபோட ஆள் தேடினேன். மறுநாள் காலை பெட்டியில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். நீ எழுதிக் கொடுத்த தாளில் போன், லேப்டாப் என்று நெட்டில் சேரும் நம் வீட்டுச் சாமான் எல்லாவற்றின் அடையாள எண்ணும் இருந்தது. பட்டியலில் அந்தத் தாளில் இல்லாத ஓர் எண், பெயர்கூட இல்லை, நாம் அனுப்புகிற பக்கத்தை முழுக்க அதுதான் விழுங்கிக்கொண்டிருந்தது. என் புத்தி நேரே கீழ்வீட்டுத் தையல் டீச்சரிடம் போயிற்று. அவள் குடிவந்த புதிதில் லைன் வரத் தாமதமானபோது ஒருநாளைக்கு என்று நம் பாஸ்வேர்டைக் கேட்டாள், நானும் கொடுத்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். அப்பா “விசாரிச்சுட்டுப் பேசு, வார்த்தைய விட்டா அள்ள முடியாது” என்றார். நான் லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு இறங்கினேன். உள்ளே ஆறு பெண்கள், வகுப்பு நடந்துகொண்டிருந்தது, எல்லார் மடியிலும் வெட்டின துணி. நான் வாசலில் நின்று, குடியிருக்க வீடு கொடுத்தால் லைனையும் திருடி உறிஞ்ச வேண்டுமா, உன்னால்தான் என் பிள்ளையோடு நான் பேச முடியவில்லை என்றேன். உரக்கத்தான் சொன்னேன். அவள் கையிலிருந்த கத்தரியை மேஜையில் வைத்துவிட்டு, “நான் தொடலம்மா. எனக்கு என் லைன் இருக்கு” என்றாள், அவ்வளவுதான். ஒரு பெண் தன் கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதை நான் பார்த்தேன், பார்த்தும் ஜெயித்தவள் மாதிரி மாடி ஏறினேன்.

மேலே வந்ததும் அந்த எண்ணைத் தடை செய்தேன். திருடியைப் பிடித்துவிட்டேன் என்று உனக்கு எழுதப் போனை எடுத்தேன். செய்தி போகவில்லை. வீட்டில் இருக்கும்போது சிம் நெட்டை நான் அணைத்தே வைப்பேன் என்று உனக்குத் தெரியும். தடையை எடுத்தேன், போனில் நெட் வந்தது. மறுபடி போட்டேன், போயிற்று. மூன்று தரம் செய்து பார்த்தேன், அதற்குமேல் செய்ய வேண்டியிருக்கவில்லை. அந்த எண் என் போன்தான். போனின் மென்பொருளைப் புதுப்பித்தபோது அது தன் சொந்த எண்ணை மறைத்துப் புதிதாக ஒன்றை வைத்துக்கொண்டதாம், கூடவே படங்களையெல்லாம் நெட்டில் ஏற்றிப் பத்திரப்படுத்தட்டுமா என்று கேட்டதற்கு நான் படிக்காமலே சரி என்று அமுக்கியிருக்கிறேன். நாலு வருஷப் படமும் வீடியோவும் பகல் பூராவும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நீ போட்ட வரம்பு இருந்திருந்தால் அது பாட்டுக்குப் போயிருக்கும், நம் பேச்சும் கெட்டிருக்காது. நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கு மாலையே, வீட்டைக் காலிசெய்கிறேன் என்று அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். இரண்டு நாள் கழித்து, வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு நான் கீழே போனேன். உள்ளே நுழைந்து கதவைச் சாத்திவிட்டு, தப்பு என்னுடையது, மன்னித்துவிடு என்றேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள், “ஆறு பேர் முன்னாடி திருடின்னீங்க. மன்னிப்பு மட்டும் கதவச் சாத்திட்டுக் கேக்குறீங்களேம்மா” என்று. அன்றைக்கு வகுப்பிலிருந்த இரண்டு பேர் அப்புறம் வரவில்லை என்றும் சொன்னாள்.

சனிக்கிழமை வகுப்பு நேரத்தில் போனேன். நாலு பெண்கள்தான் இருந்தார்கள். அதே வாசலில் நின்று, லைனை விழுங்கியது என் போன், டீச்சர் மேல் ஒரு தப்பும் இல்லை, நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன் என்று சொன்னேன். கதவைப் பிடித்துக்கொண்டேதான் சொன்னேன். ஒருத்திகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. டீச்சர் கேட்டு முடித்துவிட்டு, “சரி, காலர் துணிய எடுங்க” என்று அவர்களிடம் சொன்னாள். வராத இரண்டு பேர் வீட்டுக்கும் விலாசம் கேட்டுப் போய் வந்தேன். ஒருத்தி வருகிறேன் என்றாள். இன்னொருத்தி வேறு இடத்தில் சேர்ந்துவிட்டாளாம். டீச்சர் போகிறாளா இருக்கிறாளா என்று தெரியவில்லை, கேட்க எனக்கு வாயில்லை. படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழி விடுகிறாள், முன்பெல்லாம் நின்று பேசுவாள்.

அத்தையிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டேன், அவள் சிரித்தாள், சிரிக்கட்டும். நீ போட்ட வரம்பைத் திரும்பப் போட்டிருக்கிறேன், இரண்டு எண்ணையும் அப்பாவை உரக்கப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன். இனி உன்னிடம் கேட்காமல் அந்தப் பக்கத்தைத் திறக்க மாட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறின சோற்றைச் சாப்பிட்ட மருமகளிடமும் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொள், சின்ன வயதிலிருந்தே உனக்குக் குளிர் காதில்தான் இறங்கும். கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. நான் எடுத்தவுடன் சௌக்கியமா என்று கேட்காதே, முதலில் திட்டு. திட்டாமல் விட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா