சேலத்துக் கறுப்புக் குடை

எலச்சிபாளையம்
9.11.83

அன்பு மகன் மயில்சாமிக்கு அப்பா எழுதறது. நாங்க மூணு பேரும் சுகம்னு எழுதறதுதான் முறை, எழுதிட்டேன். உன் சுகத்தை எப்படிக் கேட்கறதுன்னுதான் தெரியலை.

தீவாளிக்கு நாக்பூர்ல இருந்து நீலக் குடை அனுப்பறேன்னு ஆடியில உன் தங்கச்சிக்கு எழுதியிருந்தே, டீச்சர் வெச்சிருக்கற மாதிரி பட்டனை அமுக்கினா விரியறதுதான் வேணும்னு உண்ணாமலையும் தபால்காரரைத் தினம் வழிமறிச்சுக் கேட்டுட்டிருந்தா. அப்புறம் உன் கடுதாசியே இல்லை. புள்ளை ஏமாந்துடக் கூடாதுன்னு நானும் உங்கம்மாவும் திருச்செங்கோடு தேடி, சேலம் கடைவீதியும் தேடினோம், கலர் குடையெல்லாம் மழைக்கு முன்னாலயே தீந்துபோச்சுன்னுட்டாங்க. உங்கம்மா பாவாடைத் துணி எடுக்கலாம்னா, நான்தான் குடைன்னா குடையாவே இருக்கட்டும்னு வளைஞ்ச பிடி வெச்ச கறுப்புக் குடை ஒண்ணு வாங்கி, அண்ணன் அனுப்பிச்சதுன்னு குடுத்தேன். அவ நெஞ்சு உசரம் இருக்குது. வாங்கிக்கிட்டுத் திண்ணைக்குப் போய் விரிச்சுப் பார்த்தா. சித்த நேரங்கழிச்சு உங்கம்மாகிட்டப் போய், உள்பக்கம் சேலம்னு கடைப் பேரு போட்டிருக்குதும்மா, அண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சு, அப்பா மறைக்குதுன்னு அழுதிருக்கறா. உங்கம்மா என்னைப் புடிச்சுக்கிட்டா. ஒண்ணும் ஆகலைன்னு சாமி மேல சத்தியம் பண்ணினேன். அன்னைக்கு நான் அதை நம்பித்தான் பண்ணினேன், கண்ணு.

மூணாம் நாள் உன்கூட போர் போடற ரிக்கு வண்டியில வேலை செய்யற சண்முகவேல் லீவுல வந்தவன் நம்ம காட்டுக்கு வந்தான். உக்காரச் சொன்னாலும் உக்காரலை. புரட்டாசியில பைப்பு மாட்டறப்ப நழுவி உன் வலது கையில மூணு விரல் போயிருச்சு, நீ இருபது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேன்னும், ஊட்டுல சொல்லக் கூடாதுன்னு அவன்கிட்டச் சத்தியம் வாங்கிட்டேன்னும் சொல்லிட்டு அழுதான். அவனை நீ வையாதே. நான் வரப்புலயே உக்காந்துட்டேன். நீ ரிக்குக்குப் போறேன்னு நின்னப்ப, போ, கையோ காலோ போய்த்தான் திரும்பி வருவேன்னு சொன்னது இந்த வாய்தான். கோவத்துல சொன்னதை நீ மனசுல வெச்சுக்கிட்டு, அப்பன் மூஞ்சியில எப்படி முழிக்கறதுன்னுதான் மறைச்சியா? பெத்தவன் சொல்லற வார்த்தையா அது. சோத்துல கை வெச்சா எனக்கு உன் கைதான் தெரியுது.

உங்கம்மாகிட்ட இன்னும் சொல்லலை, வாய் வரலை. உன்னைப் பார்த்துட்டு வாரேன்னு மட்டும் சொல்லியிருக்கறேன். அடுத்த வியாழக்கிழமை சண்முகவேல் திரும்பறான், நானும் அவன்கூட ரயிலேறறேன். இந்திக்காரன் ஊரு, எனக்கு ஒண்ணும் தெரியாது, அவன் கூட்டிட்டு வருவான். புண்ணுல தண்ணி படாமப் பார்த்துக்கோ. வெறும் வயித்துல மாத்திரை தின்னாதே. ரிக்கு வேற ஊருக்கு நகர்ந்தாலும் நீ நகராதே, முதலாளிகிட்டச் சொல்லிட்டு இருந்த இடத்துலயே இரு. நான் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

அர்த்தநாரீசுவரர் உன்னைக் காப்பாத்தட்டும். மகராசனா இரு, சாமி. பதில் போடணும்னு கையை நோகடிச்சுக்காதே. வாரேன்.

இப்படிக்கு
உன் அப்பா
வெள்ளியங்கிரி