தீப்பெட்டிக்குள் அப்பாவின் கல்

என் அணிலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அந்த மட்டில் சுகம்தான். நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று அடுத்த வரி எழுத வேண்டும், ஆனால் நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரிந்துபோனதால் அந்த வரியை இந்தத் தடவை எழுதவில்லை. எப்படித் தெரியும் என்று பிறகு சொல்கிறேன். போனில் சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், காகிதத்திடம் அது நடக்காது, படித்துத்தான் ஆகவேண்டும். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து, கோணல்மாணலாக இருக்கும், கூட்டிப் படித்துக்கொள்.

நான் கேண்டீன் வேலைக்குத் திரும்பப் போக ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்திருந்தால் அப்பா ஹெல்மெட் மாட்டும் ஆணியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஹெல்மெட்டை அவர்கள் கம்பெனியில் வாங்கிக்கொண்டுவிட்டார்கள், ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது, பிடுங்கலாம் என்றால் அத்தை விடமாட்டேன் என்கிறாள். எனக்குத் துணையாக வந்தவள் அவள், ஆனால் நான்தான் அவளுக்குத் துணையாக இருக்கிறேன். அப்பா போனதிலிருந்து எனக்கு உப்பை எடுக்கக் கை வருவதில்லை, எல்லாவற்றிலும் பேருக்குத்தான் போடுகிறேன். நேற்று சாப்பிட உட்கார்ந்தவள் ஒரு வாய் வைத்துவிட்டு, உப்பே இல்லாம போடறீங்களே அண்ணி, போனது எங்க அண்ணன்தானே, என் நாக்குமா கூடப் போயிடுச்சு என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், பிறகு இருவரும் தட்டை அப்படியே வைத்துவிட்டு அழுதோம். கடைசியில் அவளே எழுந்துபோய் உப்பு போட்டுக்கொண்டு முழுவதும் சாப்பிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன்னோடு அறையில் இருக்கும் அந்தத் தையல்காரப் பெண் எனக்குப் போன் செய்தாள். அவளைத் திட்டாதே, உன்மேல் உள்ள பாசத்தில்தான் செய்தாள். நீ குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தாயாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அம்மா இருக்கிற நிலைமைல இது வேறயா, யாருக்கும் சொல்லாதே என்று அவள் வாயை அடைத்தாயாம். விடிந்ததும் சிறுநீரோடு கல் விழுந்ததாம், அதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாயாம். போகும்போது, வெளிய வந்துடுச்சுல்ல, அவ்வளவுதான் முடிஞ்சுது என்றாயாம். ஒரு எழுத்து மாறாமல் உன் அப்பா சொன்ன வார்த்தை அது.

அவருக்கு முதல் கல் விழுந்தபோது நீ கிரேன் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போயிருந்தாய், அதனால் பாதிக் கதைதான் உனக்குத் தெரியும். வலியில் சுவரைப் பிறாண்டியவர் கல் விழுந்ததும் அதைக் கழுவித் தீப்பெட்டியில் வைத்து வேலைக்கு எடுத்துக்கொண்டு போனார். பெத்தது நான், பேர் வைக்க வேண்டியது நீங்க என்று எல்லோரிடமும் காட்டினாராம். அவருடைய மேஸ்திரி நல்லவர், ஒரு வாரம் வீட்ல கெடய்யா என்றிருக்கிறார். வெளிய வந்துடுச்சுல்ல, அவ்வளவுதான் முடிஞ்சுது, குழந்தை பொறந்தாச்சு, இனி எதுக்கு லீவு என்று கேட்டுவிட்டு இவர் அன்றைக்கே கிரேன் ஏணியில் ஏறிவிட்டார். ஏறினால் மதியம்தான் இறங்குவார். அங்கே சிறுநீர் கழிக்க இடம் ஏது. மற்றவர்கள் பாட்டில் கொண்டுபோவார்கள், இவர் சாப்பிடற இடத்துல அந்தக் காரியமா என்று அதையும் செய்யமாட்டார். அதனால் காலையில் நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு ஏறுவார், வெயிலில் கண்ணாடிக் கூண்டு வெந்துபோய் இருக்கும், தாகத்தை அடக்குவதை ஒரு வித்தை மாதிரி பெருமையாகச் சொல்லுவார். அந்த வித்தையைத்தான் உனக்கும் சொல்லிக்கொடுத்தார். அவரைக் குறை சொல்லவில்லை கண்ணு. தனக்குத் தெரிந்ததில் நல்லது என்று நினைத்ததைத்தான் கொடுத்தார்.

அப்புறம் வெகு நாள் வலியே வரவில்லை, நோய் போய்விட்டது என்றே நாங்கள் இருந்தோம். உள்ளே ஒரு பக்கம் வேறு கல் அடைத்து அந்தக் கிட்னி சத்தமே இல்லாமல் சுருங்கிப்போயிருக்கிறது. இன்னொரு பக்கமும் அடைத்துக் குளிர்காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம், அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. மீதி உனக்குத் தெரியும். நீ வந்து இறங்குவதற்குள் எல்லாம் முடிந்து, முகம் பார்க்கக் கிடைக்கவில்லையே என்று என் மடியில் தலையை முட்டிக்கொண்டாய். அந்த இடம் இன்னும் எனக்கு வலிக்கிறது.

அவர் வார்டில் இருந்தபோது கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா இருந்தாள், உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டேன், நானும் அதே தண்ணிதான் குடிக்கிறேன், அதே சோறுதான் சாப்பிடறேன், இவருக்கு மட்டும் எப்படிம்மா கல் வந்துச்சு என்று. அவள் டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள். எல்லார் சிறுநீர்லயும் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள் வரும்மா, உங்களுக்கும் வரும் எனக்கும் வரும், வந்த வழியே போயிடும், எங்கயாவது ஒட்டினாத்தான் கல்லு என்றாள். கிட்னிக்குள் மயிரிழையைவிட மெல்லிய குழாய்கள் இருக்கிறதாம், அதன் உள்சுவர் முழுக்கச் செல் செல்லாகப் பதித்த மாதிரி இருக்குமாம். அது நல்லபடியாக இருந்தால் துகள் வழுக்கிக்கொண்டு போய்விடும். தண்ணீர் குறைந்து உப்பு கெட்டியாகி அந்தச் செல்லில் காயம் பட்டால் அந்த இடம் பிசுபிசுத்துப்போகும், துகள் அங்கேதான் ஒட்டும் என்றாள். எனக்குக் கேண்டீன் அண்டா ஞாபகம் வந்தது. அதில் நசுங்கிக் கீறல் விழுந்த இடத்தில்தான் முதலில் வெள்ளையாக உப்பு பிடிக்கும்.

ஒட்டின துகளை அந்தச் செல் என்ன செய்யும் தெரியுமா. முழுங்கிடும்மா, உள்ள வச்சுக் கரைக்கப் பாக்கும், கொஞ்சம்னா கரைச்சுடும், மேல மேல வந்துட்டே இருந்தா தாங்காம செத்து உதிர்ந்துடும், அந்தக் குப்பை மேலயே அடுத்த துகள் வந்து உட்காரும் என்றாள். விரட்டத் தெரியாமல் விழுங்கி வைத்துக்கொண்டு உள்ளேயே சாகிறதென்றால் அது உன் அப்பாவின் உடம்பேதான். நீயும் அப்படித்தான், வலியை விழுங்கிக்கொண்டு எனக்குச் சொல்லாமல் வேலைக்குப் போனவள்தானே.

அதற்குப் பிறகு அவள் சொன்னதற்காகத்தான் இந்தக் கடிதமே. காயம் ஆறும்போது பக்கத்துச் செல்லெல்லாம் நகர்ந்து வந்து அந்த இடத்தை மூடுமாம். அப்படி ஆறுகிற சமயத்தில்தான் பிசுபிசுப்பு அதிகமாம். ஆராய்ச்சி செய்கிறவர்கள் கண்ணாடித் தட்டில் கிட்னிச் செல்லை வளர்த்து, கீறிவிட்டு, உப்புத் துகளைத் தூவிப் பார்த்தார்களாம். நல்லாயிருந்த இடத்தில் கழுவினதும் போய்விட்டதாம், ஆறிக்கொண்டிருந்த இடத்தில் அப்பிக்கொண்டதாம். முழுவதும் ஆறி மூடிய பிறகு அங்கேயும் ஒட்டவில்லையாம். கல்லு விழுந்த பிறகுதான்மா ரொம்பப் பாத்துக்கணும், ஆனா எல்லாரும் அன்னைக்குத்தான் தைரியமா விட்டுடறாங்க, இதுல எங்களுக்கே இன்னும் பாதிதான் தெரியும் என்றாள். நான் தலையை ஆட்டினேன். உன் அப்பாவுக்கு அது உதவாது என்று அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். இப்போது உன் உடம்புக்குள் அந்த இடம் ஆறிக்கொண்டிருக்கிறது அணிலு. நீ நாக்கை நனைத்துக்கொண்டு கூண்டில் உட்கார்ந்திருக்கிறாய்.

உங்கள் இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை யார்டைத் தாண்டி ஆபீஸ் கட்டிடத்தில் இருக்கிறது, நீ இறங்கினால் உன் மேஸ்திரி, மகாராணி பவனி வர்றாங்க, வேலையை நிறுத்துங்கப்பா என்று கத்துவான் என்று நீ ஒரு நாள் போனில் சொன்னாய். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், நான் சிரிக்கவில்லை. பவனியே போ. தினமும் எத்தனை தடவை வேண்டுமோ அத்தனை தடவை போ. அவன் கத்தினால் தொண்டை அவனுடையது. சிறுநீர் தண்ணீர் மாதிரி வெளுப்பாகப் போகும்வரை குடி. டாக்டரிடம் போய் இரண்டு பக்கமும் ஸ்கேன் எடு, வலி இல்லையே என்று இருக்காதே, உன் அப்பாவுக்கும் வலி இல்லை. அடுத்து ஒன்று விழுந்தால் குப்பையில் போடாமல் கொண்டுபோய்க் காட்டு, என்ன உப்பு என்று பார்த்துச் சொல்லுவார்கள். கீழே வேலை கேள், இல்லையென்றால் லீவு கேள், அதுவும் இல்லையென்றால் விட்டுவிட்டு வா. வேலை போனதே என்று உன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

அப்பாவின் தீப்பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. வார்டில் படுத்துக்கொண்டே அதை டாக்டரம்மாவிடம் நீட்டி, என் மூத்த பிள்ளை, என் கூட வந்திருக்கிறவ அதுக்கு அம்மா இல்ல என்றார், அவள் சிரித்துக்கொண்டே வாங்கித் திருப்பிப் பார்த்தாள். நெருஞ்சி முள் மாதிரி இருக்கும் அது, ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாக ஒரு குழி. இதுதான் உங்களோட ஒட்டியிருந்த பக்கம் என்று காட்டினாள். இப்போது சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் எடுத்து அந்தக் குழியை விரலால் தடவிப் பார்க்கிறேன். அவரைக் கொன்ற வகையறாதான், தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனால் அவர் உடம்பு பிடித்திருந்த இடம் என்று எனக்கு வேறு எது மிச்சம் இருக்கிறது, சொல்லு.

ஒன்று உன்னிடம் சொல்லவில்லை. காய்ச்சல் முற்றிப் பேச்சு குழறிய பிறகு அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அணில் இறங்கிட்டாளா, அணில் இறங்கிட்டாளா என்று அதையேதான் கேட்டார். தினமும் உன் வேலை முடியும் நேரத்துக்குக் கடிகாரத்தைப் பார்த்துக் கேட்பாரே, அது. இறங்கிட்டா, பத்திரமா இறங்கிட்டா, தண்ணி குடிச்சிட்டு இருக்கா என்று காதுக்குள் சொன்னேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. நான் அவருக்குச் சொன்னதை நீ பொய்யாக்கிவிடாதே.

உன் தலையில் கை வைத்துச் சொல்வதாக நினைத்துக்கொள், உனக்கு ஒரு குறையும் வராது, என் ஆயுசும் உனக்கே. அத்தையும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், உப்பு மட்டும் குறைக்கச் சொல்லாதே என்றும் எழுதச் சொன்னாள். அந்தத் தையல்காரப் பெண்ணுக்கு ஒரு நல்ல சேலை எடுத்து வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் கையில் அனுப்புகிறேன். இதைப் படித்து முடித்ததும் மடிப்பதற்கு முன்னால் எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் குடி. தினமும் கீழே இறங்கியதும் இறங்கிட்டேன் என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லு, இனி அதைக் கேட்பதற்கு நான்தான் இருக்கிறேன்.

உன் வழியையே பார்த்திருக்கும்
அம்மா