நான் குளிக்கப் போனதும் விழிக்கிற கம்ப்யூட்டர்

அன்புள்ள அபர்ணாவுக்கு,

அப்பா எழுதுவது. நலம் என்று எழுத மனம் வரவில்லை, உடம்பில் குறை ஒன்றும் இல்லை என்று மட்டும் எழுதுகிறேன். அங்கே டொரண்டோவில் நீயும் நீயாகக் கட்டிக்கொண்ட அந்தப் பையனும் சுகமாகத்தான் இருப்பீர்கள். போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நீ வைப்பாய் அல்லது நான் வைப்பேன், இரண்டு வருடமாக அதுவும் கிடையாது, அதனால் எழுத்துதான் எனக்குச் சரிப்படும். இங்கே சாரல் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. துவைத்துப் போட்ட வேட்டி மூன்று நாளாகக் கொடியில் கிடந்து நாறுகிறது. எனக்கு ஆறு வருடம் இளையவன் தில்லைநாயகத்தைத் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தார்களே, அவன் இப்போது நல்லாசிரியர் விருதுக்கு மனுப் போட்டிருக்கிறானாம். விருப்ப ஓய்வு வாங்கியது ஒன்றுதான் அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் செய்த உருப்படியான காரியம்.

நான் எழுத வந்தது கம்ப்யூட்டரைப் பற்றி. நீ சென்னையில் வேலை பார்த்த காலத்தில் வாங்கி மாட்டி வைத்துவிட்டுப் போனாயே, அதேதான். சாரல் தொடங்கியதிலிருந்து அதற்கு ஒரு வியாதி. தினமும் காலை ஆறு மணிக்கு அதை முறையாக அணைத்து, விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பழைய குற்றாலத்துக்குக் குளிக்கக் கிளம்புவேன். எட்டு மணிக்குத் திரும்பி வந்தால் விசிறி ஓடிக்கொண்டிருக்கும், திரை பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டு நிற்கும். முதலில் ஈரக்காற்று என்று நினைத்தேன். பொத்தான் உள்ளே சிக்கியிருக்குமோ என்று பஞ்சால் துடைத்தேன். மவுஸ் அசைந்தாலே விழித்துவிடும் என்று எங்கோ படித்து மவுஸையும் கீபோர்டையும் பிடுங்கி வைத்துவிட்டுப் போனேன். போன கரண்ட் திரும்பி வரும்போது தானாக எழும்புகிறதோ என்று அந்த அமைப்பையும் தேடி மாற்றினேன். எதற்கும் அது அடங்கவில்லை.

பிறகுதான் உன் சித்தப்பா பாண்டிராஜ் மேல் சந்தேகம் வந்தது. எதிர்வீட்டுக்காரன், நம் வீட்டு மாற்றுச் சாவி அவனிடம்தான் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உன்னைத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டவன்தானே, கம்ப்யூட்டரில் நான் எழுதி வைத்திருப்பதைத் திறந்து படித்து உனக்குச் சொல்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். தெருவில் நாலு பேர் நிற்கையில் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்து, ஏண்ணே, இருபத்தெட்டு வருசம் போலீசுல இருந்துட்டேன், இன்னைக்கு வரைக்கும் எனக்கு மவுசப் பிடிக்கத் தெரியாது, ஸ்டேஷன்ல எல்லாம் ரைட்டருதான் அடிப்பாரு, நான் உங்க எழுத்தத் திருடுதனா, என்றான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பினாலேயே எனக்கு இன்னும் கோபம் ஏறி, சாவியை அங்கேயே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் குளித்துவிட்டு வருகிறேன், கம்ப்யூட்டர் ஓடுகிறது. சாவி என் மடியில் இருக்கிறது.

பெட்டியை ஆட்டோவில் ஏற்றி சுஹைப் கடைக்குக் கொண்டுபோனேன், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ரிப்பேர் பார்க்கிறவர். அவர் கடையில் இரண்டு நாள் அது செத்தது போலக் கிடந்தது. உங்க வீட்டுக்கு வந்தாத்தான் இதுக்கு முழிப்பு வருது அண்ணாச்சி, என்று கேலி பண்ணினார். பிறகு வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, இன்டர்நெட்டின் நீல வயரை மட்டும் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நாள் பாருங்கள் என்றார். பிடுங்கினேன், விழிக்கவில்லை. செருகினேன், மறுநாளே விழித்தது. அணைத்த பிறகும் அந்த வயர் செருகியிருக்கிற இடம் மட்டும் தூங்காதாம். மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல, வெளிய இருந்து யாரோ தட்டி எழுப்புதாங்க, செட்டிங்ல அந்த வழிய அடைச்சிட்டாத் தீந்துது, என்றார். யார் என்று தெரியட்டும் என்று நான்தான் பொறுக்கச் சொல்லி, அதுவரை யாரும் உள்ளே வர வேண்டாமென்று வயரை மறுபடி பிடுங்கி வைத்தேன்.

ஐந்தாம் நாள் உன் சித்தி ஜெயசித்ரா கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, பிள்ள கேட்டா அத்தான், உங்க வீட்டுல நெட்டு இல்லையா, உங்களுக்கு மேலுக்குச் சுகமில்லையான்னு, கேக்கச் சொன்னா, கேட்டுட்டேன், நான் வாரேன், என்று சொல்லிவிட்டு என் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். என் வீட்டில் நெட் இல்லாதது டொரண்டோவில் இருக்கிற உனக்கு எப்படித் தெரியும்? நீ சென்னையிலிருந்து இதை எழுப்பி இதில் இருக்கிற நம் வீட்டுப் படங்களை எடுத்துக்கொள்வாயே, அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தேன். உனக்கு எழுதி, அனுப்பாமல் வைத்திருந்த நாற்பது கடிதங்களும் இந்த ஒரு மாதத்தில் திறக்கப்பட்டிருக்கின்றன. இந்த வருடம்தான் நான் மறுபடி அருவிக்குப் போகிறேன், ஆறிலிருந்து எட்டு வரை வீட்டில் இருக்க மாட்டேன் என்று சித்தி சொல்லியிருப்பாள். திறந்தவள் மூடிவிட்டுப் போகக் கூடாதா? சின்னப் பிள்ளையில் பிரிட்ஜ் கதவையும் இப்படித்தான் திறந்துபோட்டுவிட்டுப் போவாய்.

கோபம் வந்தது உண்மை. ஆனால் உன் பெயருக்கு எழுதியதை நீ படித்ததில் திருட்டு என்று எதைச் சொல்வது? எனக்கு உறுத்துவது வேறு. அம்மாவின் பதினாறாம் நாள் எழுதிய கடிதத்தைத்தான் நீ கடைசியாகத் திறந்திருக்கிறாய். நீ போன ஏக்கத்தில்தான் உன் அம்மா ஆவுடைத்தாய் போனாள் என்று அதில் எழுதியிருக்கிறேன். அழிக்கலாம் என்று கை போனது. நீ படித்த பிறகு அழித்து என்ன ஆகப்போகிறது. அதனால் அது பொய் என்று இதில் எழுதுகிறேன். அன்று காலை நெஞ்சை அடைக்கிறது என்று அவள் என்னிடம் சொன்னாள். வாயுவாக இருக்கும், வெந்நீர் குடி என்று சொல்லிவிட்டு நான் குளிக்கப் போனேன். எட்டு மணிக்கு வந்தேன். இதை நான் பாண்டிராஜிடமும் சொன்னதில்லை. யாரையாவது குற்றவாளி ஆக்கிக்கொண்டே இருந்தால் அந்த இரண்டு மணி நேரத்தை நினைக்காமல் இருக்கலாம், அவ்வளவுதான். மன்னிப்பாயா என்று கேட்க எனக்கு வரவில்லை, கேட்டதாக வைத்துக்கொள்.

சாவியை நேற்று பாண்டிராஜ் ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்துவிட்டு வந்தேன். அவன் வந்து எடுத்துக்கொண்டான். சுஹைப் இன்று போன் பண்ணி, அந்த வழியை அடைக்க வரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். பாஸ்வேர்ட் அம்மா பெயர்தான், நான் மாற்றவில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீயும் மாப்பிள்ளையும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மா இருந்தால் சொல்லியிருப்பாள், அதை நான் சொல்கிறேன். இது நாற்பத்தொன்றாவது. இதையும் தபாலில் போடப் போவதில்லை. நீல வயரைச் செருகிவிட்டேன். மணி ஆறாகப் போகிறது, அணைத்துவிட்டுக் குளிக்கக் கிளம்புகிறேன். படித்து முடித்ததும் மூடிவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் அப்பா,
செல்லச்சாமி
தென்காசி