பின்படியால் ஒருத்தரும் இறங்கவில்லை

2024 ஜனவரி 11, வியாழன்

ஹாஜியாரோடு இன்றைக்கும் மல்லுக்கட்டு. கலீலுர் றஹ்மான் ஹாஜியார் கிண்ணியாவில் கட்டப்போகும் கலியாண மண்டபத்துக்கு நான்தான் கட்டடப் படம் கீறுகிறேன். கீழே ஆண்கள், மேலே பெண்கள். மேலே போக ஒரு மாடிப்படி போதும் என்கிறார். முந்நூறு பெண்கள் இருக்கிற இடத்துக்கு இரண்டு படி இல்லாமல் நான் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றேன்.

"மகள், இது சட்டம் கேக்கிற படியா, நீங்க கேக்கிற படியா?"

"ரெண்டும்தான் ஹாஜியார்."

சிரித்துவிட்டார். கடைசியில் சம்மதம், ஆனால் ஒரு நிபந்தனை. இரண்டாம் படி முன்னுக்கு வந்து முகப்பைக் கெடுக்கக் கூடாது. பின்னால், சமையல் முற்றத்தில் இறங்கட்டும். சரி என்றேன். படி இருக்கிறதா, அகலம் போதுமா, கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா – அதுதானே முக்கியம். பாலம் கடந்து ஊர் வந்து சேரும்வரை வென்றுவிட்ட சந்தோஷம்.

2024 பெப்ரவரி 2

முன்படி ஏறியதும் பக்கச் சுவர் முழுக்க, பெண்கள் கழற்றும் ஹபாயா மேலங்கியைக் கொளுவக் கொளுக்கிகள். கீழே படியடியில் செருப்புக்குத் தட்டு. மண்டபம் கீறுகிற ஆண்களில் ஒருவருக்காவது இது தோன்றியிருக்குமா? "பொம்புள கீறின பிளான் எண்டு பாத்தாலே தெரியுது" என்றாராம் ஹாஜியாரின் மனைவி. இன்றைக்கு மட்டும் என்னை நானே மெச்சிக்கொள்ளலாம்.

2024 ஒக்டோபர் 6, ஞாயிறு

மண்டபம் திறந்தாயிற்று. வெளியேறும் வழிக்குப் பச்சை அம்புக்குறி, தீயணைப்பு உருளைகள் எல்லாம் அந்தந்த இடத்தில். ஹாஜியார் பின்கதவுக்கு ஒரு ஆமைப்பூட்டுப் போட்டு வைத்திருந்தார். அதைக் கழற்றும்வரை நான் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. கழற்றினார்.

2025 ஜூன் 22

ராத்தா ஆஸ்பத்திரியில. மண்டபத்தில நெருப்பு. ஒரு ஆள் மௌத்.

என்ட பிளான். யா அல்லாஹ், என்ட பிளான்.

2025 ஜூன் 23, திங்கள்

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். எழுதாவிட்டால் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நேற்றுக் கலியாணத்துக்கு ராத்தா – என் மூத்த சகோதரி ரபீக்கா – போயிருந்தார். எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. பகல் சாப்பாட்டு நேரம். மேலே பெண்கள் ஆறு ஆறு பேராக ஒவ்வொரு சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். முன்படியின் கைப்பிடி முழுக்கச் சோடனைக்காரர் வலைத்துணி சுற்றி, அதற்குள் சின்ன விளக்குகள் ஓடவிட்டிருக்கிறார். வயர் உருகித் துணி பற்றிவிட்டது. கீழே இருந்த ஆண்கள் வாளியில் அள்ளி ஊற்றிப் பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். சின்ன நெருப்பு. ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குள் மேலே இருந்தவர்கள் எல்லோரும் முன்படிக்கே ஓடிவந்து, புகைக்குள் இறங்கி, ஒருவர்மேல் ஒருவர் விழுந்திருக்கிறார்கள். ராத்தாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. அடியில் அகப்பட்டு இறந்தவர் மணமகளின் மாமி நஜ்முன் நிஸா. நாற்பத்து நான்கு வயது, பாடசாலை ஆசிரியை.

இன்று அசர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம். அவருடைய வீட்டுக்குப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். நான் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

பின்படி திறந்துதான் கிடந்ததாம். பின்படியால் ஒருத்தரும் இறங்கவில்லையாம். ஏன்?

2025 ஜூன் 26

தீயணைப்பு அதிகாரி இராகுலன் என் படத்தை விரித்து வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். இரண்டு மணித்தியாலம்.

"உங்கட பிளானில ஒரு பிழையும் இல்லை, மிஸ். ரெண்டு படி இருக்கு, அகலம் காணும், கதவு பூட்டியிருக்கேல்லை. சனம் பதறிப்போச்சு. அதுக்கு நீங்கள் என்ன செய்யிறது?"

வெளியே வந்து முச்சக்கரவண்டியில் ஏறியதும் நெஞ்சு இலேசானது. அடுத்த நிமிடமே வெட்கமாகப் போயிற்று.

2025 ஜூலை 1, செவ்வாய்

இன்றைக்குத்தான் ராத்தா எழுந்து சாய்ந்து உட்கார்ந்து கதைத்தார். கேட்பதா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டேன்.

"ராத்தா, பின்கதவ நீங்க காணல்லயா?"

"கண்டன். எங்கட சஹன் அந்தக் கதவடியிலதான் வெச்சிருந்த. நிஸா டீச்சரும் எங்கட சஹன்தான்."

"பிறகு ஏன் அதால போகல்ல?"

விளங்காதவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "அங்கால சமைக்கிற ஆம்பிளையள்டி. கிடாரத்தச் சுத்தி சாரத்தோட நிக்கிறானுகள். நாங்க ஹபாயா இல்லாம, தலை திறந்து, உடுத்துப் போட்டு இரிக்கிறம். ஹபாயா முன்னுக்கு. செருப்பும் முன்னுக்கு. எல்லாரும் ஹபாயா எடுக்கத்தான் ஓடின, பிறகு பின்னால வந்த சனம் படியில தள்ளிட்டுது. நிஸா டீச்சர் எனக்கும் சேத்து எடுத்துத் தாறன் எண்டு முன்னால போன."

2025 ஜூலை 2

கொளுக்கி வைத்தது நான்.

2025 ஜூலை 5, சனி

மண்டபத்துக்குத் தனியாகப் போனேன். முன்படிச் சுவர் கரி பிடித்திருக்கிறது. செருப்புத் தட்டில் ஒரேயொரு சோடி, மண்ணிறத் தோல், குதி தேய்ந்தது. யாருடையது என்று காவலாளியிடம் கேட்கவில்லை.

மேலே போய்ப் பின்கதவைத் திறந்தேன். கீழே அடுப்புக் கல், விறகு, வெற்றிலை துப்பிய சுவர். நானென்றால் இறங்கியிருப்பேனா? தலை திறந்து, சேலையோடு? பொய் சொல்ல வேண்டாம். நானும் முன்னுக்குத்தான் ஓடியிருப்பேன்.

படிக்கும் காலத்தில் புகை எப்படிப் போகும் என்று கற்றேன். வாசல் எத்தனை அங்குலம் என்று கற்றேன். இது புத்தகத்தில் இல்லை. ஆனால் எனக்குத் தெரியாததும் இல்லையே! ஒவ்வொரு கலியாணத்திலும் அந்தக் கொளுக்கியடியில் நின்றவள்தானே நான்? தெரிந்துதானே கொளுக்கியைக் கீறினேன்? பாதியைப் பெண்ணாகக் கீறிவிட்டு, மற்றப் பாதியைச் சட்டத்துக்குக் கீறியிருக்கிறேன்.

2025 ஜூலை 14

தீயணைப்பு அதிகாரிக்குக் கடிதம் கொடுத்தேன். படத்தில் பிழை உண்டு, இரண்டாம் படி இறங்குமிடம் பெண்கள் போக மாட்டாத இடம், அது என் பிழை. அரைப்பக்கம்தான்.

ஹாஜியாரிடமும் போனேன். இரண்டாம் படியைத் திருப்பி, பக்கத்துச் சந்து ஒழுங்கையில் தனி வாசலாக இறக்க வேண்டும், சமையல் முற்றத்தை மதில் கட்டி மறைக்க வேண்டும் என்றேன். அவருக்குக் கோபம். "சட்டம் சரி எண்டு சொல்லிட்டாங்க. பெயின்ட் அடிச்சு அடுத்த மாசம் திறக்கப் போறன். அடுத்த முறை பின்னால போங்க எண்டு மைக்கில சொன்னாப் போகும்."

போகாது. போக மாட்டார்கள். எப்படி விளங்க வைப்பேன்?

2025 ஜூலை 21

இராகுலன் தொலைபேசியில்: "மிஸ், அந்தக் கடிதத்தைத் திருப்பி எடுங்கோ. ஒருத்தரும் உங்களைக் குற்றம் சொல்லேல்லை. ஏன் நீங்களாகத் தலையைக் குடுக்கிறீங்கள்? நாளைக்கு ஆர் உங்களிட்டப் பிளான் கீற வருவினம்?"

நல்ல மனிதர். எனக்காகத்தான் சொல்கிறார். எடுக்க ஏலாது என்றேன்.

2025 ஓகஸ்ட் 9, சனி

ஹாஜியாரிடம் ஒரே ஒரு நாள் கேட்டு வாங்கினேன். அவருடைய மனைவி, மகள்மார், மருமகள்மார், அக்கம்பக்கத்தார் – நாற்பது பெண்கள். மண்டபத்தில் தேத்தண்ணியும் வட்டிலப்பமும். நெருப்பென்று மணி அடிப்பேன், பின்படியால் இறங்குங்கள் என்று நானே மைக்கில் இரண்டு தரம் சொன்னேன். பச்சை அம்பைக் கையால் காட்டினேன். முற்றத்தில் வழக்கம்போல் சமையல்காரர் நான்கு பேர். பின்படியடியில் ஹாஜியாரை நிறுத்தினேன்.

பேச்சும் சிரிப்புமாக இருந்த நேரத்தில் மணி அடித்தேன்.

எல்லோரும் எழும்பினார்கள். ஒருத்தி பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். பிறகு எல்லோரும் கொளுக்கிச் சுவருக்குப் போய், ஹபாயா போட்டு, முன்படியால் இறங்கினார்கள். ஹாஜியாரின் மனைவிதான் முதலாவது.

நான் பின்னால் போனேன். ஹாஜியார் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படியைப் பார்த்தபடி நின்றார்.

"ஒருத்தரும் வரல்லயே புள்ள."

"ஓம் ஹாஜியார்."

"என்ட பொஞ்சாதியும் வரல்ல."

 

2025 ஓகஸ்ட் 12

காலையில் ஹாஜியாரின் அழைப்பு. "மதிலுக்குக் கல் பறிச்சு இறக்கியாச்சு. வந்து கோடு போட்டுத் தாங்க."

2025 செப்டம்பர் 20, சனி

நஜ்முன் நிஸாவின் கணவர் ஸப்வானிடம் போய், அந்தப் படம் கீறியவள் நான்தான் என்று சொன்னேன். அவருடைய தங்கையும் பக்கத்தில் இருந்தார். ஸப்வான்தான் கேட்டார்:

"அவ இருந்த இடத்துக்கு எது கிட்ட? முன்படியா, பின்படியா?"

"பின்படி."

"எத்தின அடி?"

"பதினஞ்சடி."

எழுந்து குசினிக்குள் போனார். இனி வர மாட்டார் என்று நினைத்தேன். தேத்தண்ணியோடு வந்தார். "இனிக் கீறுற பிளான்ல இதக் கவனிப்பீங்கதானே?" என்று மட்டும் கேட்டார்.  தலையை ஆட்டினேன்.



2025 நவம்பர் 3

பக்க ஒழுங்கைக்குத் திருப்பிய இரண்டாம் படி முடிந்தது; கொளுக்கிகளில் பாதியைக் கழற்றி அங்கே மாற்றினோம். செருப்புத் தட்டும் அங்கே ஒன்று. பச்சை அம்பு இருந்தபடியே இருக்கட்டும், சட்டத்துக்கு.

2026 ஜனவரி 18, ஞாயிறு

அந்த மண்டபத்தில் இன்று ஒரு கலியாணம். வருவேன் என்று ராத்தா காலைவரை சொல்லவே இல்லை. பத்து மணிக்குப் பொல்லை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிற? வேனக் கூப்புடு."

வேன் பக்க ஒழுங்கையில் நின்றது. பிள்ளையைத் தூக்கியவர்களும் வயது போனவர்களும் அங்கேதான் இறங்குகிறார்கள், கிட்ட என்பதால். மதிலுக்கு அங்கால் கிடாரம் கிளறும் சத்தம் மட்டும் கேட்டது. ராத்தா புது வாசலடியில் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். 

"இதால ஏறுவமா?"

ஒவ்வொரு படியாக ஏறினோம். மேலே கொளுக்கிகள் நிறைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஹபாயா தொங்கியது. என்னுடையதை ராத்தாவுடையதன் மேல் கொளுவினேன்.

சாப்பிட்டு முடிந்ததும் சனம் தன்பாட்டில் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் இறங்கியது. பச்சை அம்பை ஒருத்தரும் பார்க்கவில்லை. ராத்தாவின் செருப்பைத் தேடி எடுக்க எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. இரண்டாம் படியடியில் அவ்வளவு செருப்பு.